மரம் மறைக்கிறது என்று பெரிய டிஷ் வாங்குவதற்கு முன்

கேள்வி இது: கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாடி தெரஸ் வீடு. வாசல் மேற்குப் பார்த்தது. அஸ்ட்ரோ டிஷ் போர்ச் கூரையின் ஓரத்தில் இருக்கிறது. சாலையோரத்து அங்சானா மரம் வளர்ந்து போர்ச்சுக்கு மேலேயே கிளை விரித்துவிட்டது. பின்பக்கம் அடுத்த வீட்டு மாமரமும் இருக்கிறது. காற்றடித்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மழை விட்டு அரை மணி நேரம் ஆனாலும் சரியாவதில்லை. 90 சென்டிமீட்டர் டிஷ் போடச் சொல்கிறார் ஒருவர், பூஸ்டர் வைக்கச் சொல்கிறார் இன்னொருவர், எல்லாவற்றையும் விட்டு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் போடலாம் என்கிறார் தம்பி. அம்மா சாயங்காலத் தொடர்களை விடாமல் பார்ப்பவர். எதை வாங்குவது?

வணக்கம். இந்த மூன்றில் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியது டிஷ்ஷை இடம் மாற்றுவதுதான். அதற்கு ஒரு நல்ல பிராக்கெட்டும் புதுக் கேபிளும் போதும். காரணத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் யார் வந்து எதை விற்றாலும் நீங்களே முடிவு செய்யலாம்.

அஸ்ட்ரோவுக்கான மியாசாட் செயற்கைக்கோள்கள் கிழக்கு 91.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. 2009-இல் ஏவிய 3ஏ, 2014-இல் ஏவிய 3பி, 2022-இல் ஏவிய 3டி எல்லாம் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கின்றன. கோலாலம்பூர் இருப்பது கிழக்கு 101.7 பாகையில், நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே. இதை வைத்துக் கணக்குப் போட்டால், நமக்கு அந்தச் செயற்கைக்கோள் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே, திசைகாட்டியில் 253 பாகையில், தரையிலிருந்து 77 பாகை உயரத்தில் இருக்கிறது. நேர் உச்சி 90 பாகை. அதாவது அது கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. பினாங்கில் திசை இன்னும் தெற்கே சாய்ந்து 239 பாகை வரும், உயரம் 78.

இதிலிருந்து ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது. டிஷ்ஷிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கும் பொருள், டிஷ்ஷைவிட நாலரை அடி உயர்ந்திருந்தால்தான் சிக்னலை மறைக்கும். பத்து அடி தள்ளி இருந்தால் 45 அடி உயர்ந்திருக்க வேண்டும். இருபது அடி என்றால் 90 அடி. அதுவும் அந்த மேற்கு-தென்மேற்குத் திசையில் இருக்கும் பொருள் மட்டும்தான். கிழக்கிலோ வடக்கிலோ எவ்வளவு பெரிய மரம் நின்றாலும் கவலையில்லை, அதன் கிளை டிஷ்ஷுக்கு மேலே வந்து கவியாத வரை.

ஆகவே நம் ஊரில் மரம் மறைக்கிறது என்றால் பெரும்பாலும் மரத்தின் குடை டிஷ்ஷின் தலைக்கு மேலே வந்துவிட்டது என்றே பொருள். எதிரே நிற்கும் மரத்தால் தொல்லை வருவது அபூர்வம். இணையத்தில் தேடினால் வரும் ஆலோசனைகள் நம் ஆட்களைக் குழப்புவதும் இங்கேதான். பிரிட்டனில் ஸ்கை டிவிக்கான செயற்கைக்கோள் லண்டனிலிருந்து பார்த்தால் தரையிலிருந்து 25 பாகைதான் உயரம். அங்கே தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரம்கூட மறைக்கும். அதனால்தான் அவர்கள் நீளமான கம்பம், பக்கத்து நிலம், மரம் வெட்டுதல் என்றெல்லாம் பேசுகிறார்கள். தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்களும் இங்கே உண்டு. அவற்றில் டிஷ்ஷைத் தெற்கே, தென்கிழக்கே திருப்பச் சொல்வார்கள். அங்கே அது சரி. இங்கே அப்படித் திருப்பினால் ஒன்றும் வராது.

இன்னொரு விஷயமும் கண்ணை ஏமாற்றும். நம் வீடுகளில் இருப்பது ஆஃப்செட் வகை டிஷ். டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிக் கேபிளுக்கு அனுப்பும் சின்னக் கருவியான எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கக் கம்பியின் நுனியில் இருக்கும். இந்த வகை டிஷ்ஷின் முகம் எங்கே பார்க்கிறதோ அங்கிருந்து சிக்னல் வருவதில்லை. அதைவிட இருபது பாகைக்கு மேல் உயரத்திலிருந்துதான் வருகிறது. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று, "இது நேரே எதிர்வீட்டு மரத்தைத்தானே பார்க்கிறது" என்று சொல்லத் தோன்றும். உண்மையில் சிக்னல் அந்த மரத்துக்கு வெகு மேலே, ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் ஒரு கோட்டில் இறங்குகிறது. குற்றமில்லாத மரங்கள் பல இந்தத் தோற்றத்தால்தான் வெட்டப்படுகின்றன. எனக்கு இதில் மெய்யான வருத்தம் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். வாசல் மேற்கே. அங்சானாவும் மேற்கே, டிஷ்ஷும் மேற்கோரத்தில், மரத்தின் குடைக்குக் கீழே. இருப்பதிலேயே மோசமான இடம் அது. ஒரு சாதாரண தெரஸ் வீட்டு மனை முன்னிருந்து பின்வரை 60, 70 அடி இருக்கும். டிஷ்ஷைப் பின்பக்கச் சமையலறைக் கூரைக்குக் கொண்டுபோனால் அங்சானாவின் கிளை நுனி குறைந்தது நாற்பது அடி தள்ளிப் போய்விடும். நாற்பதை நாலரையால் பெருக்கினால் 180 அடி. அவ்வளவு உயர அங்சானா சாலையோரத்தில் கிடையாது. பின்பக்கத்து மாமரமோ கிழக்கே இருக்கிறது. அதன் கிளை உங்கள் சுவரைத் தாண்டி டிஷ்ஷுக்கு மேலே வராவிட்டால் அதனால் ஒரு பாதகமும் இல்லை. மாமரம் தள்ளி நிற்கும் மூலையாகப் பார்த்து வைத்தால் இன்னும் நல்லது. நம் ஊரில் இலையுதிர் காலம் என்று ஒரு ஓய்வு மரத்துக்குக் கிடையாது, ஆண்டு முழுக்க வளரும். அதனால் இன்றைக்குக் கிளையிலிருந்து மூன்று அடி இடைவெளி இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள், ஆறு அடியாவது விடுங்கள்.

வைப்பதற்கு முன் இடத்தைச் சோதிக்க வேண்டும். சிக்னல் கிட்டத்தட்ட உச்சியிலிருந்து வருவதால் கூரை மேல் ஏறத் தேவையில்லை. டிஷ் வரப்போகும் இடத்துக்கு நேர் கீழே தரையில் நின்று பார்த்தாலே பெரும்பாலும் போதும். செயற்கைக்கோளின் இடத்தைக் கைப்பேசி கேமரா வழியே வானத்தில் குறித்துக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. பயன்படுத்தும்போது ஒன்று கவனியுங்கள்: சிங்க் கூரை, இரும்பு கேட், கார் இவற்றுக்குப் பக்கத்தில் கைப்பேசியின் திசைகாட்டி தாறுமாறாகத் திரும்பும். நாலைந்து அடி விலகி நின்று திசையைப் பிடித்துக்கொண்டு அப்புறம் கிட்டே வாருங்கள்.

செயலியைவிட நான் நம்புவது சூரியனை. மார்ச் 18, 19 வாக்கிலும் செப்டம்பர் 24, 25 வாக்கிலும் மதியம் ஏறக்குறைய 2 மணிக்குச் சூரியன் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பார்க்கும்போது கிட்டத்தட்ட இந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னாலேயே வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் டிஷ் மேல் வெயில் முழுசாக விழுந்தால் பாதை திறந்திருக்கிறது. நிழல் விழுந்தால், அந்த நிழலைப் போடும் கிளைதான் குற்றவாளி. எந்தக் கிளை என்றுகூட விரலை நீட்டிக் காட்டிவிடலாம். அந்த நாட்களில் வெயில் நேரே டிஷ்ஷுக்குள் பாய்வதால் படம் சில நிமிடம் தானாகவே உடையும். அதை மரத்தின் கணக்கில் எழுதாதீர்கள். ஜூனிலும் டிசம்பரிலும் இந்தச் சோதனை பயன்படாது, சூரியன் வடக்கிலோ தெற்கிலோ இருபது பாகைக்கு மேல் விலகிப் போயிருக்கும். அப்போது செயலிதான் வழி.

மரம்தானா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். மரத்தின் மேல் பழி போட்டுவிட்டு, உண்மைக் காரணம் கேபிள் மூட்டில் தங்கிய தண்ணீராக இருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. படம் போகும் விதத்தைக் கவனித்தால் கண்டுபிடிக்கலாம். வானம் வெளுத்திருக்கும்போது, காற்றில் கிளை ஆடும்போது மட்டும் படம் உடைந்து உடைந்து திரும்பினால் அது மரம். இடியோடு பெருமழை கொட்டும்போது அடியோடு போய், மழை குறைந்ததும் திரும்பினால் அது மழை. நம் ஊர் மழையின் வேகத்துக்கு எந்த நல்ல டிஷ்ஷும் சில நிமிடம் தோற்கும். மழை விட்ட பின்னும் நெடுநேரம் வராவிட்டால் இரண்டு சாத்தியம்: ஒன்று இலைகளில் தேங்கிய நீர், இன்னொன்று கேபிள் முனையிலோ எல்.என்.பி.க்குள்ளோ புகுந்த நீர். சில சேனல்கள் மட்டும் எப்போதும் வராமல் மற்றவை பழுதில்லாமல் வந்தால் மரத்தை மறந்துவிட்டு எல்.என்.பி.யைப் பாருங்கள்.

உங்களுக்குக் காற்றிலும் உடைகிறது, மழைக்குப் பிறகும் நீடிக்கிறது. மரம் நிச்சயம் ஒரு காரணம். ஆனால் போர்ச் ஓரத்தில் பல வருடம் வெயிலும் மழையும் பட்ட மூட்டுகளில் தண்ணீரும் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். எப்படியும் இடம் மாற்றும்போது கேபிளை மாற்றத்தான் போகிறீர்கள், இரண்டும் சேர்ந்து தீர்ந்துவிடும்.

இப்போது பெரிய டிஷ். 60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 போட்டால் பரப்பு இரண்டே கால் மடங்கு ஆகிறது, சிக்னலும் அவ்வளவே கூடும். டெசிபல் கணக்கில் மூன்றரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அஸ்ட்ரோ பயன்படுத்தும் கேயூ அலைவரிசையில் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். ஓர் இலையைவிடச் சிறியது. இலைக்குள் இருக்கும் தண்ணீர் அதை உறிஞ்சிவிடும், இலை மேல் நிற்கும் மழைநீர் இன்னும் மோசம். அடர்ந்த, நனைந்த ஒரு மரக்குடையைத் தாண்டி வரும்போது சிக்னல் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். இரண்டே கால் மடங்கு கூடுதல் அந்த இழப்பை ஈடு செய்யாது. குடைக்குக் கீழே மழைநீர் பிடிக்கப் பெரிய வாளியாகப் பார்த்து வைக்கும் கதைதான் இது.

பெரிய டிஷ்ஷுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. காற்று அதைப் பிடித்துத் தள்ளும் விசையும் இரண்டே கால் மடங்கு கூடும். ஓட்டுக் கூரையின் மரச்சட்டத்தில் மாட்டிய சாதாரண பிராக்கெட் அதைத் தாங்காது. அது பார்க்கும் பாதையும் குறுகிவிடும். 60 சென்டிமீட்டர் டிஷ் ஏறத்தாழ மூன்று பாகை அகலம் பார்க்கிறது என்றால் 90 சென்டிமீட்டர் டிஷ் இரண்டு பாகைதான் பார்க்கும். கொஞ்சம் அசைந்தாலும் சிக்னல் நழுவும். வானம் நன்றாகத் திறந்திருக்கும் வீட்டில், மழைக்குப் படம் போகும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் 75, 80 சென்டிமீட்டருக்குப் போவதில் பொருள் உண்டு. மரத்துக்கு அது மருந்து இல்லை.

வெளிநாட்டு டிஷ் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்நாடுகளுக்காகச் செய்த சில டிஷ்களின் பின்பக்கச் சாய்மானம் 50, 60 பாகையோடு நின்றுவிடும். நமக்கு வேண்டிய 77-க்கு அவற்றைச் சாய்க்கவே முடியாது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அந்த அளவைப் படித்துப் பாருங்கள்.

பூஸ்டரைப் பற்றிச் சுருக்கமாக: அது வருகிற சிக்னலையும் அதோடு வருகிற இரைச்சலையும் ஒன்றாகவே பெருக்கும். டிஷ்ஷுக்கே வந்து சேராத சிக்னலை அது எங்கிருந்தும் கொண்டுவராது. ஐம்பது மீட்டருக்கு மேல் கேபிள் ஓடும் இடத்தில், அதுவும் எல்.என்.பி.க்குப் பக்கத்தில் வைத்தால் பயன் தரும். தெரஸ் வீட்டில் அதற்கு வேலையே இல்லை. டிகோடர் மெனுவில் சிக்னல் வலு, சிக்னல் தரம் என்று இரண்டு அளவு காட்டும் பக்கம் இருக்கும். பூஸ்டர் போட்டதும் வலு ஏறுவதைக் காட்டி நம்ப வைப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது தரத்தை. அது ஏறாவிட்டால் ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது? பிராக்கெட்டில் போடுங்கள். முழுக்கத் துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு, துருப்பிடிக்காத போல்ட். கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும், அதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் சாய்மான அளவுகள் அத்தனையும் பொய்யாகிவிடும். முடிந்தால் ஓட்டுக்கு மேலே மாட்டாமல் செங்கல் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். சமையலறைப் பின்சுவர் இதற்கு நல்ல இடம். கூரை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கை நீண்ட பிராக்கெட் வாங்கினால் கூரையும் மறைக்காது.

அடுத்து கேபிள். ஆர்ஜி6 வகையில் நல்லதாக, வெயில் தாங்கும் கறுப்பு உறை உள்ளதாக வாங்குங்கள். பின்சுவரிலிருந்து கூடத்துக்கு இருபது, இருபத்தைந்து மீட்டர் ஆகும், அந்த நீளத்துக்கு இழப்பு பொருட்டல்ல. ஒரே கேபிளாக ஓட வேண்டும், பழைய கேபிளோடு நடுவில் ஒட்டுப்போட விடாதீர்கள். முனையில் திருகி மாட்டும் கனெக்டர் வேண்டாம், கருவியால் அழுத்திப் பூட்டும் வகையே தண்ணீரைத் தடுக்கும். அதன் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். சாதாரணக் கறுப்பு டேப் ஒரு வெயில் காலத்தில் பிசுபிசுத்து உரிந்துவிடும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சின்ன வேலைதான், ஆனால் இதைச் செய்யாத வீடுகளில் சுவர் வழியே தண்ணீர் டிகோடர் வரைக்கும் வரும்.

எல்.என்.பி. பழையதென்றால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. முன் மூடி வெடித்திருக்கிறதா, எறும்போ குளவியோ கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும். 0.1 டெசிபல் இரைச்சல் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதிகப் பணம் கொடுக்க வேண்டாம், அந்த எண்ணால் உங்கள் திரையில் ஒரு வித்தியாசமும் வராது. அஸ்ட்ரோ டிகோடருக்குப் பொருந்துகிற எல்.என்.பி.தானா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். வேறு சேவைகளுக்குச் செய்தவற்றின் உள் அலைவரிசை வேறாக இருக்கும், மாட்டினாலும் டிகோடர் சேனலைக் கண்டுபிடிக்காது. பதிவு செய்யும் வசதியுள்ள டிகோடர் என்றால் இரண்டு கேபிள் வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. தேவை.

கொண்டோவிலோ பிளாட்டிலோ இருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், அவர்களுக்காகவும் கொஞ்சம். அங்கே மரத்தைவிட மேல்வீட்டு பால்கனிதான் மறைக்கும். மேல்வீட்டுத் தளம் டிஷ்ஷுக்கு ஒன்பது அடி மேலே இருந்தால், டிஷ் அதன் விளிம்பைத் தாண்டி இரண்டு அடியாவது வெளியே நீட்டியிருக்க வேண்டும், அதோடு டிஷ்ஷின் பாதி அகலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால்கனி மேற்கோ தென்மேற்கோ பார்த்ததாக இருந்தால்தான் இதுவும் நடக்கும். கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் கட்டடமே சுவராக நிற்கிறது, எந்த பிராக்கெட்டும் உதவாது. வெளியே நீட்டுவதற்குக் கட்டட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பல கட்டடங்களில் மொட்டைமாடியில் பொது டிஷ் வைத்து எல்லா வீட்டுக்கும் கேபிள் இழுத்திருப்பார்கள், முதலில் அதை விசாரியுங்கள்.

பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் இருப்பவர்கள் மலை மறைக்குமோ என்று பயப்படுவார்கள். பினாங்கு மலை 833 மீட்டர் உயரம். நாலரையால் வகுத்துப் பார்த்தால், மலையுச்சிக்குக் கிடைமட்டமாக 185 மீட்டருக்குள் வீடு இருந்தால்தான் அது செயற்கைக்கோளை மறைக்கும். ஊரில் யாரும் அப்படி இல்லை. அங்கே பழைய வீடுகளின் ரம்புத்தான், டுரியான் மரங்கள் கூரைக்கு மேல் கவிவதுதான் உண்மைத் தொல்லை.

மலை மறைப்பது தரைவழி டிவியை, அதாவது ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து வீட்டு ஆன்டெனாவுக்கு வருவதை. டிஷ் வைக்க இடமே இல்லாத வீட்டுக்கு மைடிவி என்ற தரைவழிச் சேவை ஒரு வழி. நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-இல் முழுமையாக நின்றுபோனது, இப்போது தரைவழியில் எல்லாம் டிஜிட்டல். அது வரும் யூஎச்எஃப் அலையின் நீளம் அரை மீட்டர் அளவு இருப்பதால் இலைகளை அது பெரிதாகப் பொருட்படுத்தாது, மரத்தடி வீட்டிலும் சாதாரண ஆன்டெனாவில் வரும். ஆனால் அது கிடைமட்டமாக வரும் சிக்னல். தீவில் புக்கிட் பெனாராவிலிருந்தும், பெருநிலத்தில் குனோங் ஜெராயிலிருந்தும் வருவதற்கு நடுவே மலை நின்றால் தடுத்துவிடும். ஆர்டிஎம் டிவி2-இன் தமிழ்ச் செய்தியும் நிகழ்ச்சிகளும் மாதக் கட்டணமில்லாமல் வரும். அம்மாவின் தொடர்களுக்கு இது மாற்று ஆகாது, துணையாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் ஃபைபர் இணையம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் டிஷ்ஷே இல்லாமல் இணையம் வழியாகவே அஸ்ட்ரோவைப் பார்க்கும் டிகோடரைக் கேட்டுப் பாருங்கள். மரம், மழை இரண்டு கவலையும் போய்விடும். டிஷ்ஷைப் பின்பக்கம் மாற்றியும் ஏதோ காரணத்தால் சரிவராவிட்டால் நான் அடுத்துச் சொல்வது இதைத்தான். இணையம் அடிக்கடி அறுபடும் வீடு என்றால் டிஷ்தான் மேல்.

தம்பி சொன்ன ஸ்டார்லிங்க்குக்கு வருகிறேன். 2023-இல் மலேசியாவுக்கு வந்தது, ஃபைபர் எட்டாத தோட்டப்புறங்களுக்கும் உட்புறக் கிராமங்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் மரத்துக்குத் தப்பிக்க அதற்குப் போவது நேர்மாறான வேலை. அஸ்ட்ரோ டிஷ்ஷுக்கு வானத்தில் ஓர் ஒற்றைப் புள்ளி தெரிந்தால் போதும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் வேகமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று போனதும் அடுத்ததைப் பிடிக்க வேண்டும், அதற்கு நூறு பாகைக்கு மேல் விரிந்த வானம் திறந்திருக்க வேண்டும். உங்கள் அங்சானா அந்த வானத்தில் மேற்குப் பக்கத்தையும் மாமரம் கிழக்குப் பக்கத்தையும் தின்றுவிடும். போதாததற்கு, நிலநடுக்கோட்டின் மேலே நிற்கும் மியாசாட் போன்ற செயற்கைக்கோள்களுக்கு இடைஞ்சல் வராதபடி அந்த வரிசையை ஸ்டார்லிங்க் ஒதுக்கிவிட்டே பேச வேண்டும். நமக்கு அந்த வரிசை கிழக்கு மேற்காக உச்சி வழியே போகிறது. ஆகவே வடக்கு வானமும் தெற்கு வானமும் அதற்கு நன்றாகத் தெரிய வேண்டும். தம்பிக்கு ஆசையிருந்தால் அதன் செயலியில் தடைகளைச் சோதிக்கும் பகுதி இலவசமாகவே இருக்கிறது. கூரை மட்டத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு அப்புறம் பேசலாம்.

மரத்தை என்ன செய்வது என்றும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சாலையோர அங்சானா மாநகர் மன்றத்தின் சொத்து. நீங்களோ நீங்கள் கூப்பிடும் ஆளோ அதை வெட்ட உரிமை இல்லை. கிளை போர்ச் மேல் கவிந்திருப்பது பாதுகாப்புக்கும் நல்லதல்ல, புயல் காற்றில் அங்சானாக் கிளை முறிந்து விழும். படம் எடுத்து கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்-க்குப் புகார் கொடுத்தால் அவர்களே கிளை கழிப்பார்கள். பினாங்குத் தீவில் எம்பிபிபி, பெருநிலத்தில் எம்பிஎஸ்பி. கிளை கழிக்கும் நாளுக்காக டிவியைக் காக்க வைக்க வேண்டாம், டிஷ்ஷை மாற்றிவிடுங்கள். அந்த மரம் உங்கள் வாசலுக்குத் தரும் நிழலை எந்த ஏர்கானும் தராது. கொஞ்சம் கேபிள் கூடுதலாக இழுத்தால் தீரக்கூடிய தொல்லைக்காக முப்பது வருட மரத்தை முடமாக்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாமரத்துக்காரரிடம் பேச வேண்டியிருந்தால், உங்கள் பக்கம் நீட்டிய கிளையைப் பழம் முடிந்த பிறகு கழித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

டெக்னீஷியன் வரும் நாளில் இவற்றைச் செய்யுங்கள். காலையிலேயே வரச் சொல்லுங்கள், பிற்பகல் இடிமழை தொடங்கிவிட்டால் இடிதாங்கிபோல வானத்தை நோக்கி நிற்கும் கம்பத்தின் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. அவர் ஏறுவதற்கு முன் புது இடத்தை நீங்களே தரையிலிருந்து காட்டி, அங்சானாவும் மாமரமும் எங்கே இருக்கின்றன என்று சொல்லுங்கள். அவசரத்தில் பழைய இடத்திலேயே டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பிவிட்டுப் போகலாம் என்று பார்ப்பார், விடாதீர்கள். மாட்டி முடித்ததும் டிகோடரில் சிக்னல் தரம் எவ்வளவு என்று பார்த்து எழுதி வையுங்கள். பிறகு எப்போது படம் உடைந்தாலும் அந்த எண்ணோடு ஒப்பிட்டால், டிஷ் நகர்ந்ததா, தண்ணீர் புகுந்ததா, கிளை வளர்ந்ததா என்று தேட ஓர் ஆரம்பம் கிடைக்கும். போர்ச் கூரையில் பழைய பிராக்கெட்டைக் கழற்றிய துளைகளை அன்றைக்கே சிலிக்கான் வைத்து அடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு போர்ச் ஒழுகும்.